அத்தாயி வைத்த சேனை

கார்த்திகை மாதத்து ஒரு காலையில், பனி இன்னும் செடியை விட்டு இறங்காத நேரத்தில், நல்லமுத்துவின் பருத்திக் காட்டில் கிராசிங் வேலை செய்துகொண்டிருந்த அத்தாயியின் கட்டைவிரல் நுனியில் தேன் ஊறியது. அவள் அதைப் பனி என்று நினைத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள், துடைத்த இடத்தில் மறுபடி ஊறியது, மறுபடி துடைத்தாள், இப்படித் துடைத்துத் துடைத்து அந்த வரிசை முடிவதற்குள் பத்து விரலிலும் ஊற ஆரம்பித்துவிட்டது. வரப்பில் நின்று விரலை வாயில் வைத்துப் பார்த்தவள், "அட, இனிக்குதுடி கோசல" என்றாள். பக்கத்து வரிசையில் குனிந்திருந்த கோசலை நிமிரக்கூட இல்லாமல், "இனிச்சா இனிச்சிட்டுப் போவுது, வெயில் ஏறதுக்குள்ள வரிசைய முடி" என்றாள். எங்கள் ஊரில் அதிசயங்களுக்குக் கிடைக்கும் முதல் மரியாதை இவ்வளவுதான்.

கிராசிங் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். விதைக் கம்பெனிக்கு வேண்டியது பஞ்சு அல்ல. ஒரு ரகத்துச் செடியின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் வைத்து எடுக்கும் ஒட்டு விதை. அதற்காக, நாளைக்கு விரிய வேண்டிய மொக்கை இன்று சாயங்காலமே கட்டைவிரல் நகத்தால் கீறி, இதழை உரித்து, அதோடு சேர்த்து உள்ளே இருக்கும் மகரந்தத்தையும் வழித்து எறிந்துவிட்டு, நடுவில் நிற்கும் தண்டை மட்டும் மொட்டையாக விட்டு, அடையாளத்துக்கு ஒரு சிவப்புக் காகிதத்தை மாட்டிவிட்டு வருவார்கள்; மறுநாள் காலையில் ஆண் செடியின் பூவைப் பறித்து வந்து அந்த மொட்டைத் தண்டின்மேல் தேய்ப்பார்கள். இதழ் இல்லை, நிறம் இல்லை, வாசமும் இல்லை, ஆகவே அந்தப் பூவைத் தேடி வண்டும் வருவதில்லை, தேனீயும் வருவதில்லை, வர வேண்டியவர்கள் வராத பூவுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் போவார்கள். "பூச்சி செய்யிற வேலையத்தான் நாம செய்யிறோம், என்ன, அதுக்கு றெக்க குடுத்தான் ஆண்டவன், நமக்கு இடுப்புவலி குடுத்தான்" என்பாள் கோசலை.

அத்தாயிக்கு நாற்பது தாண்டியிருக்கும். எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த வருசத்திலிருந்து கிராசிங்தான். புருசன் சடையன் போர் போடும் லாரியில் வடக்கே போகிறவன், பொங்கலுக்கு வந்து, கரிநாள் கறிக்குழம்பு தீர்ந்ததும் போய்விடுவான். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவள் என்பதால் வளைகாப்பு வீட்டிலும் பேர் வைக்கிற வீட்டிலும் அவளைப் பாத்திரம் கழுவக் கூப்பிடுவார்கள், பந்திக்கு முன்னால் கூப்பிட மாட்டார்கள், அவளும் போவாள், கழுவுவாள், வருவாள். மருந்து அடித்த செடிக்குள் வருசக்கணக்காகப் புழங்கியதில் அவளுடைய விரல்கள் மரத்துப்போயிருந்தன. கொதிக்கிற டீ டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள், சுடுவது தெரியாது, முள் குத்தினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துக் காடுகளில் வேலைக்குப் போகிற பெண்களுக்கு "சரிங்க", "ஆகட்டுங்க" என்ற இரண்டு சொற்களே ஆயுசுக்கும் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மறுநாள் காட்டுக்கு எறும்புகள்தான் முதலில் வந்தன. அதில் ஒன்றும் இல்லை, எறும்பு யார் வீட்டுக்கும் வரும். பிறகு கொசுத்தேனீ வந்தது, அதன் பின்னால் அடுக்குத்தேனீ, அதன் பின்னால் கல்வராயன் மலைப் பாறை இடுக்குகளில் கூடு வைத்திருக்கும் பெரிய மலைத்தேனீ, அதற்கும் பின்னால் உடம்பெல்லாம் கறுத்த வண்டு ஒன்று லோடு ஏற்றிய லாரியாக இரைந்துகொண்டு வந்தது, மஞ்சளும் வெள்ளையுமாக வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, கடைசியில் ஊதா நிறம் மின்னும் தேன்சிட்டு ஒன்று அவள் சுட்டுவிரலுக்கு முன்னால் காற்றிலேயே நின்று, வளைந்த மூக்கை நீட்டி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, வந்த இடத்தில் உரிமையோடு அவள் விரல்மேலேயே உட்கார்ந்துகொண்டது. ஒன்றும் அவளைக் கொட்டவில்லை, கொத்தவில்லை. சிட்டின் கால்நகம் விரலில் பட்டது, பட்டது அவளுக்குத் தெரிந்தது. எத்தனையோ வருசமாக நெருப்பைக்கூட அறியாத விரலுக்கு ஒரு சிட்டுக்கால் தெரிந்தது. அத்தாயி நின்ற இடத்திலேயே அழுதாள்.

"என்னடி, கொட்டிப்புடுச்சா?" என்று கோசலை ஓடிவந்தாள்.

"இல்லடி" என்றாள் அத்தாயி. "கூசுது."

இனி ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். சுகாதார நிலையத்து நர்ஸம்மா இது சுகர்தான் என்று முடிவுகட்டி ரத்தம் எடுத்துப் பார்த்தார், சுகர் இல்லை என்று வந்தது, "அப்ப ஒண்ணுமில்ல" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார், எங்கள் சுகாதார நிலையத்தில் எதற்கும் சத்து மாத்திரைதான். டீக்கடை மணிவேல், நீ வேலைக்கெல்லாம் போக வேண்டாம், கல்லாப்பக்கம் வந்து உட்கார்ந்து டம்ளரில் விரலை விட்டு எடுத்தால் போதும் என்றான். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மாரியம்மன் கோயில் பூசாரி, அம்மன்தான் இறங்கியிருக்கிறாள், கையில் மஞ்சள் துணி கட்டிக் கோயிலில் இருத்த வேண்டும் என்று கிளம்பினார், அம்மன் எதற்கு இவள் கையில் இறங்க வேண்டும், இறங்குவதென்றால் காட்டுக்காரர் கையில் இறங்கிக் கூலியைக் கூட்டிக் கொடுக்கட்டுமே என்று கோசலை கேட்டதில் அந்தப் பேச்சு அடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு பன்னோடு அவள் வாசலில் நின்றார்கள். சத்தீஸ்கரிலிருந்து போனில் பேசிய சடையன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ரேஷன் சக்கரைய வித்துப்புடு" என்றான். அவள் தெருவில் நடந்தால் தலைக்கு மேலே ஒரு கூட்டம் ரீங்காரம் போட்டுக்கொண்டு கூடவே போவதும், ஆத்தூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, "அக்கா, கைய மட்டும் வெளிய வெச்சுக்குங்க, உங்க சொந்தக்காரங்க வெளியவே வரட்டும்" என்று சொல்வதும் கார்த்திகை முடிவதற்குள் வழக்கமாகிவிட்டன.

அதற்கு அப்புறம்தான் சேனை வந்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்பைத் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். யார் கை சேனை வைக்கிறதோ அவருடைய குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை, அதனால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவோம், படித்தவர்கள், நாலு பேர் மதிக்கிறவர்கள், நிறையப் பிள்ளை பெற்றவர்கள். பிள்ளை இல்லாதவளை எந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள். கோசலையின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது சம்பந்தி வீட்டார் சர்க்கரைத் தண்ணீரும் ஓய்வுபெற்ற தாசில்தாருமாக வந்து நிற்க, கோசலை அவர்கள் எல்லோரையும் தாண்டி, கதவோரம் ஒதுங்கி நின்ற அத்தாயியின் கையைப் பிடித்து இழுத்து வந்து குழந்தை வாயில் வைத்தாள். "கையில ஊறுறப்ப கரைச்ச தண்ணி எதுக்கு?" என்றாள். சம்பந்தியம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டாள். குழந்தை அத்தாயியின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தச் சின்ன நாக்கின் சூடு, பல் இல்லாத ஈறின் அழுத்தம், எல்லாம் அத்தாயிக்கு ஒன்று விடாமல் தெரிந்தது, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதன் பிறகு எங்கள் ஊரில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அவள்தான் சேனை வைத்தாள். பிறந்ததிலிருந்து யாரும் தேடி வராத ஒருத்தியைத் தேடிப் பகலில் பறவையும் பூச்சியும் வந்தன, சாயங்காலத்தில் பிள்ளைக்காரிகள் வந்தார்கள்.

ஊருக்கு நல்லதாக இருந்தது காட்டுக்கு நல்லதாக இல்லை. அவள் ஒரு மொட்டைப் பூவைத் தொட்டுவிட்டு நகர்ந்தால், அங்கே ஒட்டிய இனிப்புக்காக ஒரு தேனீ வந்து உட்காரும். அதன் காலில் துத்திப் பூவின் மகரந்தப் பொடி இருக்கும், பூசணிப் பொடி இருக்கும், பக்கத்துக் காட்டு வேறு பருத்தியின் பொடியும் இருக்கும். வேற்றுப் பருத்தியின் பொடி ஒட்டிவிட்டால் அப்புறம் அது கம்பெனி கேட்ட விதை இல்லை. கம்பெனியிலிருந்து மேற்பார்வைக்கு வருகிற திவாகர், சின்ன வயசுக்காரர், வரப்பில் பைக்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

நல்லமுத்து அவரிடம் அங்கலாய்த்தார். நல்லமுத்து கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, கல்யாணம் கருமாதி என்றால் முதல் ஆளாக நிற்பவர்தான், ஆனால் காட்டுக்குள் கால் வைத்துவிட்டால் பெண்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையை மட்டும் பார்த்துப் பேசுவார். "நாமதான் இதழெல்லாம் உரிச்சிப்புட்டமே சார், அப்பறமும் எதுக்கு இந்தச் சனியனுங்க வருதுங்க?" என்று கேட்டார்.

"பூச்சி பூவுக்குச் சும்மா வராதுங்க" என்றார் திவாகர். "நிறத்தைக் காட்டி, வாசத்தைக் காட்டி, உள்ள தேன வெச்சு, பூதான் கூப்பிடுது. இது தேன் குடிக்க வரும், போற போக்குல பொடிய ஒட்டிக்கிட்டு அடுத்த பூவுல கொண்டுபோய் வைக்கும். பூவுக்கு வேலை முடிஞ்சுது. தான் வேலை செஞ்சோம்னே பூச்சிக்குத் தெரியாது."

"பூவு நல்ல முதலாளிதான் சார்" என்றாள் கோசலை, குனிந்த இடத்திலிருந்தே. "வந்தவங்கள வெறும் வாயோட அனுப்புறதில்ல."

திவாகர் அதைக் காதில் வாங்காமல், "இப்ப அந்தம்மா கையில தேன் இருக்குது. அப்ப அந்தம்மாதான் பூ. அவங்கள எப்படியாவது மூடுங்க" என்றார்.

மூடினார்கள். முழங்கை வரைக்கும் வரும் ரப்பர் உறை வாங்கிவந்து மாட்டச் சொன்னார்கள், அத்தாயி "சரிங்க" என்று மாட்டிக்கொண்டாள். உறைக்குள் தேன் நிறைந்து, முழங்கை விளிம்பில் வழிந்து, அவள் நடந்த வழியெல்லாம் சொட்டியது. முன்பு விரலுக்கு வந்த கூட்டம் இப்போது வழி நெடுகவும் வந்தது, உச்சிவெயிலுக்குள் கருவண்டுகள் சேர்ந்து ரப்பரைக் கடித்துச் சல்லடையாக்கிவிட்டன. அது போதாதென்று அந்த வாரமே கோசலையின் சுண்டுவிரலில் ஊற ஆரம்பித்தது, அவளுக்குப் பக்கத்து வரிசைப் பெண்ணுக்கு ஆரம்பித்தது, அதற்குப் பக்கத்து வரிசைக்கும் போனது, பூவை உரித்த கைகள் எத்தனையோ அத்தனையும் ஒவ்வொன்றாக இனிக்கத் தொடங்கின. தங்களுக்கும் ஊறியதில் அவர்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பயமாகவும் இருந்தது, ஏனென்றால் கிராசிங் இல்லையென்றால் மார்கழியில் எங்கள் பக்கம் வேறு வேலை கிடையாது.

பிறகு ஒரு காலையில் பெண்கள் காட்டுக்கு வந்தபோது வரப்பில் ஒரு நீல டிரம் இருந்தது. பக்கத்தில் நல்லமுத்துவும் திவாகரும் மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நின்றார்கள். டிரம்முக்குள் செடிக்கு அடிக்கிற மருந்தைக் கெட்டியாகக் கலக்கி வைத்திருந்தார்கள். பூச்சி மருந்து என்றுதான் பேர், அதைக் குடித்துச் செத்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், ஆனாலும் நாங்கள் அதை மருந்து என்றுதான் சொல்கிறோம்.

"ரெண்டு கையையும் முழங்கை வரைக்கும் முக்கிட்டு உள்ள போங்க" என்றார் நல்லமுத்து, பெண்களின் கைகளைப் பார்த்தபடி. "தேனும் நின்னுரும், பூச்சியும் கிட்ட வராது. முக்காதவங்க இப்படியே வீட்டுக்குப் போயிரலாம். ஏ அத்தாயி, ஒன்னாலதான ஆரம்பிச்சுது, நீ மொதல்ல வா."

அத்தாயி வந்தாள். டிரம்முக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தாள். அந்த வாடை அவளுக்குப் புதிதில்லை, இத்தனை வருசமாக அவள் சோற்றிலும் அவள் பாயிலும் இருந்த வாடைதான். கையை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வெளியே எடுக்கும்போது அது மறுபடியும் பழைய கையாக இருக்கும், சுடுவது தெரியாது, குத்துவது தெரியாது, சிட்டின் கால் தெரியாது, குழந்தையின் நாக்கு தெரியாது. அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவள் வாழ்க்கையில் அதற்கு முன் ஆத்திரம் வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன், வந்ததெல்லாம் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கும் போல, அன்றைக்கு எல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாக வெளியே வந்தது.

"மாட்டேன்" என்றாள்.

நல்லமுத்து அந்தக் காட்டில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறார், இந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. என்ன சொன்னாள் என்று தெரியாமல், முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"மாட்டேன்னு சொன்னேன். இது என் கை. ஒங்க காட்டுலதான் செத்துச்சு. செத்தது தெரியாம நானும் இத்தன வருசம் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பத்தான் உசிரு வந்திருக்குது. மறுபடியும் கொண்டாந்து சாவக் குடுக்க மாட்டேன்."

திவாகர் சமாதானமாகப் பேசிப் பார்த்தார். "கோவப்படாதீங்கம்மா. மருந்து வேண்டாம், நல்ல உறையா வாங்கித் தர்றோம், அதையாவது போட்டுக்கிட்டு வாங்க."

"உறைதான சார்" என்றாள் அத்தாயி. "போட்டுக்கறேன்." இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை விரித்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து வந்தன, புளியமரத்துப் பொந்திலிருந்து வந்தன, மலைப்பக்கமிருந்து வானத்தில் ஒரு கறுப்புக் கோடாக வந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் ஓர் ஊசி முனைக்கும் இடமில்லாமல் தேனீக்கள் அவள் கைகளை மூடிக்கொண்டன. அவள் அந்தக் கைகளை இறக்கித் திவாகருக்கு முன்னால் நீட்டினாள். "போட்டுட்டேன் சார், போலாமா?" என்று கேட்டாள். அவர் தலையில் இருந்த ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பைக் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்தார்.

அத்தாயி காட்டுக்குள் இறங்கினாள். கோசலை டிரம்மையும் பார்த்தாள், நல்லமுத்துவையும் பார்த்தாள், "எனக்கும் உறை வேணும்" என்று கையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனாள், பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் போனார்கள். டிரம்மை யாரும் எட்டி உதைக்கவில்லை, அதெல்லாம் சினிமாவில்தான், அது பாட்டுக்கு வரப்பில் நின்று நாறியது. பெண்கள் வரிசை வரிசையாக நடந்து, முந்தின நாள் சாயங்காலம் தங்கள் நகத்தாலேயே மொட்டையடித்த பூக்கள் ஒவ்வொன்றையும் தொட்டார்கள், தொட்ட பூவுக்கெல்லாம் தேனீ வந்தது, வண்டு வந்தது, சிட்டு வந்தது, இதழ் போன பூ, நிறம் போன பூ, யாரும் தேடி வராத பூ என்று ஒன்றுகூட அன்றைக்கு அந்தக் காட்டில் மிச்சம் இருக்கவில்லை. நல்லமுத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதனால் எல்லோரும் சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான், பொய் சொல்ல வராது. கம்பெனி அந்தக் காட்டு விதையை எடுக்கவில்லை. நல்லமுத்துவுக்கு ஒரு வருச உழைப்பு போனது, பெண்களுக்கு மார்கழிக் கூலி போனது. சிலர் மரவள்ளி பிடுங்க நாமக்கல் பக்கம் போனார்கள், போகிற வழியில் அத்தாயியைத் திட்டிக்கொண்டே போனார்கள். கோசலைகூட ஒருநாள் காலி அரிசிப் பானையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, "இதுக்குள்ள விரல விடு, ஊறுதான்னு பாக்கலாம்" என்றாள். அத்தாயி தன்னிடம் இருந்த அரிசியில் பாதியை அளந்து போட்டாள். காட்டில் பூ முடிந்ததும் பெண்களின் விரல்களில் தேனும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது, அத்தாயியின் கட்டைவிரலில் மட்டும் ஒரு துளி நின்றது. ஆனால் உணர்ச்சி போகவில்லை. கொதிக்கிற டம்ளரைப் பிடித்தால் அவளுக்குச் சுட்டது, "யப்பா" என்று கையை உதறிவிட்டுச் சிரிப்பாள்.

தை பிறந்ததும் நல்லமுத்துவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த குழந்தை பால் குடிக்கவில்லை. சேனை வைக்கத் தாசில்தாரைக் கூப்பிட்டார்கள், குழந்தை வாயைத் திறக்கவில்லை, தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டார்கள், திறக்கவில்லை, ஆத்தூர் டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஏன் என்றுதான் தெரியவில்லை என்றார். பொழுது சாயும் நேரத்தில் நல்லமுத்துவின் மனைவி ராஜாமணி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அத்தாயி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஒரு துளி இருக்குதாமே" என்றாள். "புள்ள அழக்கூடத் தெம்பில்லாம கெடக்குது. நீ கொல்லப்பக்கமா வந்துரு அத்தாயி. அவரு இந்நேரம் முன்னாலதான் உக்காந்திருப்பாரு, அவரு கண்ணுல பட வேண்டாம்."

அத்தாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "கொல்லப்பக்கமா வரமாட்டேன்" என்றாள். "புள்ளைக்குக் குடுக்கறதுக்கு நான் ஏன் ஒளியணும்? முன்வாசல்ல வர்றேன். வாங்க போலாம், நேரமாக்காதீங்க."

முன்வாசலில் நல்லமுத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார், பார்த்துவிட்டு எழுந்து நாற்காலியைத் தள்ளி வழிவிட்டார். உள்ளே போய் அத்தாயி குழந்தையின் உதட்டில் கட்டைவிரலை வைத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உதடு அசைந்தது, நாக்கு தேடியது, கண்டுபிடித்தது, இழுத்தது, கடைசித் துளியும் தன்னை விட்டுப் போவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, இருந்தும் அவள் விரலை எடுக்கவில்லை. அன்றிரவு குழந்தை தாயிடம் பால் குடித்தது.

அடுத்த வருசம் நல்லமுத்து கம்பெனிப் பருத்தி போடவில்லை, சாதாரணப் பருத்தி போட்டார், காடு இதழோடு பூத்தது, யாரும் கூப்பிடாமலே எல்லாம் வந்தன. அந்த வருசம்தான் அத்தாயியிடம் சேனை வாங்கிய பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. மற்ற ஊர்ப் பிள்ளைகள் அம்மா என்று ஆரம்பிக்கும், ஆத்தா என்று ஆரம்பிக்கும். கோசலையின் பேத்தி சோறு ஊட்டப் போன சம்பந்தியம்மாவின் கையைத் தட்டிவிட்டு "மாட்டேன்" என்றாள். பூசாரி வீட்டுக் குழந்தை கோயிலில் விழுந்து கும்பிடச் சொன்னபோது அதையே சொன்னது. டீக்கடை மணிவேலின் மகனும் அதையேதான் சொன்னான். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, பிறகு பெரிய வீட்டுப் பக்கம் திரும்பிக் காத்திருந்தது, ஏனென்றால் நல்லமுத்துவின் பேரன் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.

காட்டில் பூச்சி தெரிய ஆரம்பித்த ஒருநாள், நல்லமுத்து முதுகில் மருந்து டேங்கை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பேரன் அவர் காலைக் கட்டிக்கொண்டான். "விடு சாமி, தாத்தா காட்டுக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்றார். அவன் விடவில்லை. அவர் குனிந்து, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார், பிரித்த விரல் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. அவன் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்து, முதன்முதலாக வாயைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி அந்தச் சொல்லைச் சொன்னான். நல்லமுத்து டேங்கைக் கழற்றிக் கீழே வைத்தார்.